கிருமியே இல்லாமல் வளர்த்தால் நோயே வராதா?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர், 2024 மாசி 11

அண்ணை, நான் மெசினில் குஞ்சு பொரிக்க வைத்து விற்கிறவன். பொரித்த முதல் கிழமையிலேயே கணிசமான குஞ்சுகள் கழிந்து சாகின்றன. வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் ஒரு கிருமிகூட இல்லாமல் எலியும் கோழியும் வளர்க்கிறார்கள் என்று வாசித்தேன். நீங்கள் அப்படியான இடத்தில் வேலை செய்தவர் என்று முன்னர் எழுதியிருந்தீர்கள். கிருமி இல்லையென்றால் நோயும் இல்லை, மருந்துச் செலவும் இல்லை. சிறிய அளவிலாவது இங்கே செய்து பார்க்க முடியாதா?

2024 மாசி 12

முடியாது, தம்பி. முடிந்தாலும் அது விற்கக்கூடிய குஞ்சாக இராது. ஆய்வுகூடத்தில் கிருமியற்ற விலங்கை வளர்ப்பது அது சுகமாக வாழட்டும் என்பதற்காக அன்று. குடலில் வாழும் நுண்ணங்கிகள் உடலுக்கு என்னென்ன செய்கின்றன என்று அறிய வேண்டுமானால், அவை ஒன்றுமே இல்லாத உடல் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பின்னர் தெரிந்த ஒரு பற்றீரியாவை மட்டும் அந்த உடலுக்குள் விட்டு, என்ன மாறுகிறது என்று கவனிக்கலாம். அதற்காகத்தான் அவ்வளவு செலவும்.

2024 மாசி 14

எப்படிச் செய்கிறார்கள் என்று வேறு சிலரும் கேட்டிருப்பதால் விரிவாக எழுதுகிறேன். புலம்பெயர்ந்திருந்த காலத்தில் ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றின் விலங்கு இல்லத்தில் பராமரிப்பாளனாக வேலை செய்தேன். ஆராய்ச்சியாளன் அல்லன், கூண்டு மாற்றுவதும் தீனி ஏற்றுவதும் புழுக்கை சேகரிப்பதுமே என் வேலை. ஆகவே நான் சொல்லப்போவது கையுறைக்குள்ளிருந்து பார்த்தவை.

தாயின் கருப்பைக்குள் இருக்கும் வரை குட்டியில் கிருமி இல்லை. பிறக்கும் வழியிலும் பிறந்த பின்னருமே கிருமிகள் வந்து குடியேறுகின்றன. எனவே பேறுகாலம் நெருங்கிய தாய் எலியைக் கொன்று, கருப்பையை முனைகளில் இறுகக் கவ்வி முழுதாக எடுத்து, தொற்றுநீக்கி நிரம்பிய தொட்டியொன்றில் அமிழ்த்தி, அதன் மறுபக்கத்தில் இருக்கும் கிருமியற்ற அறைக்குள் ஏற்றுகிறார்கள். உள்ளே கருப்பையை வெட்டிக் குட்டிகளை வெளியே எடுத்து, துடைத்து, மூச்சு வரும்வரை தடவிக் கொடுத்து, ஏறக்குறைய அதே நாட்களில் ஈன்ற வேறொரு கிருமியற்ற தாயின் கூட்டில் கலந்துவிட வேண்டும். அந்தத் தாய் ஏற்றுக்கொள்ளாவிட்டால் தின்றுவிடும். அத்தனை பேருடைய வேலையும் அத்துடன் முடிந்தது. வளர்ப்புத் தாய் என்று ஒன்று இல்லாத முதற்காலத்தில் இந்தக் குட்டிகளுக்கு இரவு பகலாகக் கையாலேயே பால் புகட்டியிருக்கிறார்கள்.

கோழியில் இது மிக எளிது. முட்டையின் உட்பகுதி பெரும்பாலும் கிருமியற்றதாகவே இருப்பதால், ஓட்டை வெளியே தொற்றுநீக்கியால் சுத்தம் செய்து, கிருமியற்ற அறைக்குள் வைத்துப் பொரிக்கச் செய்தால் போதும். "பெரும்பாலும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். சல்மொனெல்லா என்ற நோய்ப் பற்றீரியாவில் சில வகைகளும் மைக்கோபிளாஸ்மா என்ற பற்றீரியாவும் தாய்க்கோழியிலிருந்து முட்டைக்குள்ளேயே வந்துவிடும். அப்படிப்பட்ட முட்டையை வெளியே எவ்வளவு கழுவினாலும் பயனில்லை.

அறை என்றது சீமெந்து அறையை அன்று. ஒரு மேசையளவு நீளமான தெளிந்த பிளாஸ்ரிக் கூடாரம். உள்ளே வடிகட்டிய காற்றை ஊதியபடியே இருப்பதால் அது எப்போதும் விம்மி நிற்கும். எங்காவது ஊசித்துளை விழுந்தாலும் காற்று வெளியே போகுமே ஒழிய உள்ளே வராது. பக்கச் சுவரில் தோள்வரை நீளும் தடித்த றப்பர் கையுறைகள் பொருத்தப்பட்டிருக்கும். மோதிரம் கழற்றி, நகம் வெட்டி, அதற்குள் கையை விட்டுத்தான் எல்லா வேலையும். தண்ணீரோ தீனியோ உள்ளே போவதற்கு இரட்டைக் கதவுள்ள குழாய் ஒன்று உண்டு. வெளிக்கதவைத் திறந்து பொருளை வைத்து, பெரசெற்றிக் அமிலத்தைத் தெளித்து மூடி, அது வேலை செய்யும் நேரம் முழுவதும் காத்திருந்த பின்னரே உட்கதவைத் திறக்கலாம். அந்த அமிலத்தின் மணம் வினாகிரி மணம். ஆனால் கண்ணைப் பிடுங்கும்.

2024 மாசி 15

முள்ளியவளையிலிருந்து ஒருவர் "மின்சாரம் நின்றால்?" என்று ஒற்றை வரியில் கேட்டிருக்கிறார். இந்த இழையில் இதுவரை வந்த கேள்விகளில் இதுவே சிறந்தது. நின்றால் ஊதி நின்று, கூடாரம் மெல்லத் தளர்ந்து, கையுறைகள் உள்நோக்கித் தொங்கும். மாற்று மின்கலமும் ஜெனரேற்றரும் உடனடியாக எழும்பாவிட்டால் உள்ளிருக்கும் எலிகளுக்குக் காற்று இல்லை. 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது மெசினுக்குள் முட்டை வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

2024 மாசி 19

வரலாற்றைச் சுருக்கமாகவேனும் சொல்லாமல் விட்டால், ஏன் கிருமியற்ற விலங்கு நோயற்ற விலங்கு அன்று என்பது விளங்காது.

1885இல் லூயி பாஸ்ரர், நுண்ணங்கிகள் இல்லாமல் ஒரு விலங்கு உயிர்வாழவே முடியாது என்பது தன் எண்ணம் என்றும், அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும் எழுதினார். பத்து ஆண்டுகள் கழித்துப் பேர்லினில் நட்டால், தியர்ஃபெல்டர் என்ற இருவர் கினிப்பன்றிக் குட்டியை வயிற்றைக் கீறி எடுத்து, கிருமியழித்த பாலூட்டி, சில நாட்கள் உயிருடன் வைத்துக் காட்டினார்கள். பாஸ்ரர் தோற்றார் என்று தோன்றியது. ஆனால் ஃபிரைபேர்க்கில் ஷொட்டேலியஸ் வளர்த்த கிருமியற்ற கோழிக்குஞ்சுகள் நிறைய உண்டும் தேறாமல் செத்தன. கிருமி இல்லாமல் வாழ்வில்லை என்று அவர் முடிவுகட்டினார்.

பேர்லின்காரர், ஷொட்டேலியஸ் என்ற இரு தரப்பும் கண்டது உண்மை. ஷொட்டேலியஸ் காரணத்தைத்தான் தவறவிட்டார். விற்றமின் என்ற ஒன்று அப்போது யாருக்கும் தெரியாது. தீனியை வேகவைத்துக் கிருமியைக் கொல்லும்போது தயமின் போன்ற விற்றமின்களும் அழிந்துபோகின்றன. குடலிலே தாமாக விற்றமின் உண்டாக்கிக் கொடுக்கும் பற்றீரியாக்களும் இல்லை. இரண்டு பக்கத்தாலும் வறுமை. பிற்காலத்தில் சுவீடனின் லுண்ட் நகரில் குஸ்தாவ்சன் இதை விற்றமின் கே கொண்டு துலக்கமாகக் காட்டினார்: அந்த விற்றமின் இல்லாத தீனியைத் தின்ற சாதாரண எலிக்கு ஒன்றும் ஆகவில்லை, கிருமியற்ற எலிக்கோ இரத்தம் உறையாமல் கசிந்தது.

தலைமுறை தலைமுறையாகக் கிருமியற்ற எலிகளை இனப்பெருக்கம் செய்ய முடிந்தது 1940களில்தான். அமெரிக்காவின் இந்தியானாவில் நோட்ரடாம் பல்கலைக்கழகத்தில் ரெய்னியர்ஸ் குழுவும், சுவீடனில் குஸ்தாவ்சனும். அப்போது எல்லாம் உருக்குத் தொட்டிகள். நான் மேலே சொன்ன பிளாஸ்ரிக் கூடாரத்தை ட்ரெக்ஸ்லர் 1957இல் கொண்டுவந்த பின்னரே மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் இது கட்டுப்படியானது. இன்று தீனியை 121 பாகை நீராவியில் வேகவைக்கிறார்கள், அல்லது 25 முதல் 50 கிலோகிரே (கதிர் அளவின் அலகு) வரை காமாக் கதிர் பாய்ச்சுகிறார்கள். அழியப்போகும் விற்றமினைக் கணக்கிட்டு முன்கூட்டியே கூடுதலாகச் சேர்த்துவிடுகிறார்கள்.

2024 மாசி 20

உள்ளே வளரும் எலி எப்படி இருக்கும் என்பதை நேற்று எழுத மறந்துபோகவில்லை; தனியாக எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன்.

வெளியிலிருந்து பார்த்தால் எலி எலிதான். கூடு கட்டும், ஓடும், சண்டை பிடிக்கும். ஆனால் அதன் புழுக்கையை எடுத்து மணந்தால் வழக்கமான நாற்றம் இராது, ஏனென்றால் அந்த நாற்றத்தை உண்டாக்குவதே பற்றீரியாக்கள். வயிற்றைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது குருட்டுக்குடல். சாதாரண எலியில் ஓர் ஓரமாகச் சுருண்டு கிடக்கும் அந்தப் பை, இங்கே பல மடங்கு வீங்கி, மெல்லிய தோலுடன், நீர்த்த கபில நிறக் குழம்பு நிறைந்து, வயிற்றில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். குடலின் சளியைச் சிதைத்துத் தின்னப் பற்றீரியா இல்லாததால் அது தேங்கி நீரை இழுத்துக்கொள்கிறது. சில வேளைகளில் அந்தப் பாரம் முறுக்கிக்கொண்டு எலி செத்தும் போகும். குடற்சுவரில் நோயை எதிர்க்கும் நிர்ப்பீடனக் கலங்கள் குறைவு, பிறபொருளெதிரிகள் குறைவு, உணவு குடலில் நகரும் வேகமும் குறைவு. நோய் இல்லாத உடல் என்று நாம் நினைத்தது பாதி கட்டிய வீடு.

2024 மாசி 27

குடும்பநல உத்தியோகத்தராக இருக்கும் சகோதரி ஒருவர் எழுதியிருந்தார்: ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒரே சோறு, இரண்டு பேருக்கும் திரிபோஷாச் சத்துமா, ஒன்று ஏறுகிறது, மற்றது எடை அட்டையில் கீழேயே நிற்கிறது, இதற்கும் எலிக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்று.

உண்டு, அக்கா. கிருமியற்ற எலியால் மனிதருக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள பதில்களில் ஒன்று இந்தக் கேள்விக்கே கிடைத்தது. ஆபிரிக்காவின் மலாவி நாட்டில் 317 இரட்டைப் பிள்ளைச் சோடிகளை மூன்று வயது வரை பின்தொடர்ந்தார்கள். சில சோடிகளில் ஒரு பிள்ளைக்குக் குவாசியோக்கர் என்ற கடும் ஊட்டக்குறை நோய் வந்தது, மற்றப் பிள்ளைக்கு வரவில்லை. இரண்டு பிள்ளைகளின் மலத்திலிருந்தும் நுண்ணங்கிகளை எடுத்துத் தனித்தனியாகக் கிருமியற்ற எலிகளுக்குக் கொடுத்து, இரு கூட்டத்துக்கும் மலாவி மக்கள் உண்ணும் சோளமாவை முதன்மையாகக் கொண்ட உணவையே கொடுத்தார்கள். நோயுற்ற பிள்ளையின் கிருமியைப் பெற்ற எலிகள் வெகுவாக மெலிந்தன. சுகமான பிள்ளையின் கிருமியைப் பெற்றவை அப்படி மெலியவில்லை. நிலக்கடலைச் சத்துணவு கொடுத்தபோது மெலிந்தவை தேறின. பழைய உணவுக்கு மாற்றியதும் அந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை. 2013இல் வெளிவந்த ஆய்வு இது. உணவு மட்டும் காரணம் அன்று, கிருமி மட்டும் காரணம் அன்று, இரண்டும் சேர்ந்தபோதே மெலிவு வந்தது என்பதைக் கிருமியற்ற உடல் இல்லாமல் பிரித்துக் காட்டியிருக்க இயலாது.

அதே ஆய்வுக் கூட்டத்தார் பின்னர் வங்காளதேச மருத்துவர்களுடன் சேர்ந்து, எந்த உணவு எந்தக் குடற்பற்றீரியாவை வளர்க்கிறது என்று கிருமியற்ற எலியிலும் பன்றிக்குட்டியிலும் தேடினார்கள். கிடைத்த கலவை கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை ஆகியவற்றின் மாவும் வாழைக்காயும். டாக்கா நகரின் மிர்பூர் சேரிப் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் கொடுத்துப் பார்த்ததில், வழக்கமான சத்துணவைவிடக் கலோரி குறைவாக இருந்தும் எடை கூடுதல் வேகத்தில் ஏறியது. 2021இல் அறிவித்தார்கள். இந்த நான்கில் எதுவும் வன்னிக்குப் புதிய பொருள் அன்று. ஆனால் அதற்காகத் திரிபோஷாவை நிறுத்திவிட்டு வாழைக்காய் அவிக்கத் தொடங்க வேண்டாம், அக்கா. டாக்காப் பிள்ளையின் குடலும் நெடுங்கேணிப் பிள்ளையின் குடலும் ஒன்றா என்பது தனியாகப் பார்க்க வேண்டிய விடயம்.

2024 மாசி 28

"அப்படியானால் மெலிய விரும்புகிறவர்கள் கிருமியைத் துறக்கலாமே" என்று ஒரு நக்கல். நக்கலில் உண்மையும் உண்டு. கிருமியற்ற எலி கூடுதலாகத் தின்றும் கொழுப்புக் குறைவாகவே இருக்கும். 2004இல் வந்த ஆய்வில், அதற்குச் சாதாரண எலியின் குடற்கிருமியைக் கொடுத்ததும், முன்னைவிடக் குறைவாகத் தின்றபோதும் இரண்டு கிழமைக்குள் உடற்கொழுப்பு 60 வீதம் கூடியது. நாம் சமிக்க முடியாத நார்ச்சத்தைப் பற்றீரியா உடைத்து நமக்குச் சக்தியாகத் தருகிறது. பஞ்சத்தில் அது வரம்.

2024 பங்குனி 6

கிருமியற்ற உடலுக்கு வயிற்றுளைவு வருமா என்ற கேள்விக்கு இரண்டு பழைய ஆய்வுகள், ஒன்றுக்கொன்று எதிராக.

வயிற்றுளைவை உண்டாக்கும் அமீபாவைக் கிருமியற்ற கினிப்பன்றியின் குடலுக்குள் 1955 அளவில் அமெரிக்காவில் செலுத்திப் பார்த்தார்கள். புண் வரவில்லை, அமீபாவே செத்துப்போனது. கூடவே ஒரு பற்றீரியாவைக் கொடுத்தபோது புண் வந்தது. சரி, கிருமியின்மை காக்கிறது என்று எடுத்துக்கொள்வோமா? 1961இல் வயிற்றுளைவின் மற்றக் காரணமான ஷிகெல்லா என்ற பற்றீரியாவைக் கொடுத்தபோது கிருமியற்ற கினிப்பன்றிகள் செத்தன. முன்கூட்டியே குடலில் ஈ.கோலை என்ற பற்றீரியாவைக் குடியேற்றியவை தப்பின.

ஆகவே "கிருமி நல்லதா கெட்டதா" என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடையாது. எந்தக் கிருமி, யாருக்குப் பக்கத்தில், எந்தக் குடலில் என்று கேட்க வேண்டும். பல்லுக்கும் இப்படித்தான்: கிருமியற்ற எலிக்கு எவ்வளவு சீனி கொடுத்தாலும் சூத்தைப் பல் வருவதில்லை என்று 1954இல் காட்டினார்கள். என் பேரன் இதைக் கேட்டுவிட்டு, பல் துலக்கும் வேலையைப் பற்றீரியாவின் தலையில் கட்டப் பார்க்கிறான்.

2024 பங்குனி 9

செட்டிகுளத்திலிருந்து ஒருவர், சிறுநீரக நோய்க்குக் கிருமியற்ற எலி ஏதாவது விடை தந்ததா என்று கேட்டிருக்கிறார். வவுனியாவின் கிராமங்களில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் எவ்வளவு வீடுகளைத் தொட்டிருக்கிறது என்று அறிந்தே, அளந்து எழுதுகிறேன்.

நோய் ஏன் வருகிறது என்பதற்குக் கிருமியற்ற எலி விடை தரவில்லை. சிறுநீரகம் பழுதான பின் இரத்தத்தில் தேங்கும் நச்சுக்களில் சில எங்கிருந்து வருகின்றன என்பதற்கு விடை தந்திருக்கிறது. புரதத்தில் உள்ள திரிப்ரோபன் என்ற அமினோ அமிலத்தைக் குடற்பற்றீரியா இண்டோலாக மாற்ற, ஈரல் அதை இண்டொக்சில் சல்பேற்றாக்குகிறது. பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடிவதில்லை. கிருமியற்ற எலியின் இரத்தத்தில் அது இல்லை. இவ்வளவில் நிறுத்தினால் கிருமியைக் கொன்றால் போதும் என்று தோன்றும். ஆனால் ஜப்பானிய ஆய்வாளர்கள் கிருமியற்ற எலியில் சிறுநீரகத்தைப் பழுதாக்கிப் பார்த்தபோது, நச்சுக் குறைவாக இருந்தும் சிறுநீரகச் சிதைவு கூடுதலாகவே இருந்தது. கிருமி நச்சையும் தருகிறது, காவலையும் தருகிறது. வைத்தியர் சொல்லாமல் யாரும் நுண்ணுயிர்க்கொல்லி வாங்கி விழுங்க வேண்டாம் என்பதற்காகவே பின்பாதியையும் எழுதினேன்.

2024 பங்குனி 17

கால்நடைத் துறையில் இருப்பவர் என்று தெரிகிற ஒருவர், எலியைக் காட்டிக் கோழியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று எழுதியிருக்கிறார். நியாயமான குறுக்கீடு. கிருமியற்ற கோழிக்குஞ்சு, எல்லா விற்றமினும் கொடுத்தால், சாதாரணக் குஞ்சுக்குக் குறையாமலே வளரும். இங்கிலாந்தின் ரெடிங்கில் 1963இல் வெளிவந்த ஆய்வில் அது கூடுதலாகவே வளர்ந்தது. தீனியில் பெனிசிலின் கலந்தால் சாதாரணக் குஞ்சின் வளர்ச்சி கூடியது. கிருமியற்ற குஞ்சில் எந்த மாற்றமும் இல்லை. நுண்ணுயிர்க்கொல்லி குஞ்சை நேராக வளர்ப்பதில்லை, குடற்கிருமியை அடக்கியே வளர்க்கிறது என்று தெரிந்தது இதனால்தான்.

ஆனாலும் அந்தக் குஞ்சைச் சூடு கொடுத்து வளர்க்கும் புறூடர்ப் பெட்டிக்குள் விட்டால் என்ன ஆகும் என்பதே ஒட்டுசுட்டான் தம்பியின் கேள்வி. அதற்கு இன்னொரு நாட்டுக்குப் போக வேண்டும்.

2024 பங்குனி 18

1970களின் தொடக்கத்தில் பின்லாந்தின் கோழிப்பண்ணைகளில் சல்மொனெல்லா பரவியபோது, நூர்மி, ரன்ராலா என்ற இருவர், வளர்ந்த கோழியின் குடலில் உள்ளதை எடுத்து, பொரித்து ஓரிரு நாளான குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். பின்னர் சல்மொனெல்லாவைக் கொடுத்தபோது அந்தக் குஞ்சுகளில் பெரும்பாலானவற்றின் குடலில் அது தங்கவில்லை. இடமெல்லாம் முன்னரே நிரம்பிவிட்டது. 1973இல் வெளியிட்டார்கள்.

இப்போது உங்கள் மெசினைப் பாருங்கள், தம்பி. அடைக்கோழியின் கீழ் பொரித்த குஞ்சு, தாய் கிளறிய குப்பையைக் கொத்தி, தாயின் எச்சத்தையும் கொத்தி, முதல் நாளிலேயே குடலை நிரப்பிக்கொள்கிறது. மெசினில் பொரித்த குஞ்சுக்குத் தாய் இல்லை. அது வெறுங்குடலுடன் தட்டில் நிற்கிறது. கிருமியற்ற குஞ்சு வேண்டும் என்று கேட்டீர்கள். அதற்கு ஏறக்குறைய அண்மையான ஒன்றை ஏற்கெனவே நீங்கள் வளர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எந்தக் கிருமி முதலில் வந்து சேர்கிறதோ அது இடம் பிடிக்கிறது. உங்கள் தட்டில் கெட்டது முந்திவிடுகிறது என்பது என் ஊகம்.

மாங்குளத்தில் நான் செய்வது: மெசினில் பொரிப்பதை இரவில் அடைக்கோழியின் சிறகுக்கடியில் தள்ளிவிடுவேன். விடியும்போது அது தன்னுடையவற்றோடு சேர்த்துக் கூட்டிக்கொண்டு போய்விடும். எண்ணிக்கை கூடினால் இது சரிவராது என்பது தெரியும். அதற்காகக் கோழி எச்சத்தைக் கரைத்து ஊற்றத் தொடங்காதீர்கள். தாயில் கொக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியோ சல்மொனெல்லாவோ இருந்தால் நீங்களே அதைப் புகட்டியவராவீர்கள். முதலில் தாய்க்கோழிகளின் இரத்தத்தைக் கால்நடை வைத்தியரிடம் கொடுத்துப் புளோரம் (முட்டைவழி பரவும் சல்மொனெல்லா நோய்) சோதனை செய்வியுங்கள். முட்டைக்குள்ளேயே வருவதை மெசினைக் கழுவித் தடுக்க முடியாது.

2024 பங்குனி 25

கிருமி உள்ளே புகுந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்கள். ஒரு முறை தீனிப் பொதி ஒன்று சரியாகக் கிருமியழிக்கப்படாமல் வந்திருந்தது. வெளியிலிருந்து வாங்கியது, பொதியில் எல்லா முத்திரையும் ஒழுங்காக இருந்தது. வழமையான புழுக்கைச் சோதனையில் வித்து உண்டாக்கும் பசிலஸ் என்ற பற்றீரியா முளைத்தது. மறு சோதனையிலும் அதுவே. அந்தக் கூடாரத்தில் இருந்த அத்தனை எலிகளையும் கொன்று, கூடாரத்தைக் கழுவி, முதலிலிருந்து தொடங்கினோம். எலிகளுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. சொல்லப்போனால் முன்னைவிடச் சுகமாக இருந்திருக்கும். இந்த வேலையில் எனக்கு ஒருபோதும் பழகாத பகுதி அது. ஆய்வு தேவையா என்று கேட்டால் தேவை என்றே சொல்வேன், அதை அன்றும் சொன்னேன். கொல்லும் வேலையை மற்றவரிடம் தள்ளிவிடவும் பார்த்தேன்.

2024 சித்திரை 2

கிளிநொச்சியிலிருந்து உயர்தர உயிரியல் மாணவி ஒருவர்: கிருமியற்ற எலியை வெளியே எடுத்து விட்டால் உடனே செத்துவிடுமா?

பெரும்பாலும் சாகாது, பிள்ளை. சாதாரண எலிகளின் கூண்டில் விட்டால் ஓரிரு நாளிலேயே குடல் நிரம்பிவிடும். சில கிழமைகளில் குருட்டுக்குடல் சுருங்கி வழமையான அளவுக்கு வரும், பிறபொருளெதிரிகளும் ஏறும். ஆபத்து எது முதலில் நுழைகிறது என்பதில் உள்ளது, ஷிகெல்லாக் கினிப்பன்றியைப் போல. ஆனால் எல்லாமே சரிவந்துவிடுவதில்லை. 2012இல் வெளிவந்த ஆய்வில், கிருமியற்ற எலிகளின் பெருங்குடலிலும் நுரையீரலிலும் ஒருவகை நிர்ப்பீடனக் கலங்கள் அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்திருந்தன. குடலழற்சியும் இழுப்பும் அவற்றில் கடுமையாக வந்தன. குட்டிப் பருவத்தில் கிருமி கொடுத்தால் அது தணிந்தது. வளர்ந்த எலிக்குக் கொடுத்தபோது தணியவில்லை. உங்கள் பாடத்தில் இது வராது. ஆசிரியரிடம் கேட்டால் எனக்காகவும் கேளுங்கள், அந்தக் கலங்களின் பெயரை நான் நான்கு விதமாக உச்சரிக்கிறேன்.